காலி பிளாட்டுக்கும் பில் போகணும்: லேஅவுட்டுக்கு தண்ணி, ரோடு போட தனி டிஸ்ட்ரிக்ட் அமைக்க முடியுமா?

தம்பி கேட்டத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பாலக்காடு ஜில்லாவுல, தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைலருந்து வேலந்தாவளம் போற வழில உங்க லேஅவுட்டு, மொத்தம் 140 பிளாட், வீடு கட்டி குடி வந்தது 40 தான். ரோடு மண்ணு ரோடு, தண்ணி லாரில வருது, சாக்கடைனு ஒண்ணு கிடையாது, பஞ்சாயத்துல கேட்டா பண்டு இல்லங்கறாங்க. ஹூஸ்டன்ல இருக்கற உங்க மச்சான் போன்ல சொல்லிருக்கார், அங்க அவங்க ஏரியாவுல மட்டுனு ஒண்ணு இருக்கு, அதுதான் பாண்டு, அதாவது கடன் பத்திரம், போட்டு கடன் வாங்கி தண்ணி, டிரைனேஜ் எல்லாம் போட்டுச்சு, நீங்களும் அதே மாதிரி ஒண்ணு ஆரம்பிங்கனு. அது இங்க நடக்குமா, நடக்காதுனா வேற என்ன வழின்னு கேக்கறீங்க.

அப்படியே அதே ரூபத்துல இங்க நடக்காதுங்க. ஆனா அதுக்குள்ள இருக்கற சூட்சுமத்த புரிஞ்சுகிட்டா முக்கால்வாசி காரியத்த இங்கயே முடிச்சுக்கலாம். நான் எருத்தேம்பதி பக்கத்துல ஜலநிதிங்கற குடிநீர் திட்டத்துல ஒரு குழுவுக்கு ஆறு வருசம் டிரஷரரா இருந்து பில் புக்கும் கையுமா வீடு வீடா அலைஞ்ச ஆளு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கங்க.

மச்சான் சொல்ற மட்டுங்கறது முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட், அதுல முதல் எழுத்துகள சேத்து கூப்பிடறாங்க. டிஸ்ட்ரிக்ட்னதும் பாலக்காடு ஜில்லா மாதிரி நினைச்சுடாதீங்க, நூறு இருநூறு ஏக்கர் லேஅவுட்டுக்கு கூட தனியா ஒண்ணு இருக்கும். ஹூஸ்டன் இருக்கற டெக்சாஸ் மாநிலத்துல 1917ல அரசியல் சட்டத்த திருத்தி, தண்ணி விசயத்துக்குனு தனி டிஸ்ட்ரிக்ட் அமைக்கலாம், அதுக்கு வரி போடற அதிகாரம் உண்டுனு கொண்டு வந்தாங்க, அந்த அஸ்திவாரத்து மேல 1971ல இந்த மட்டு சட்டம் வந்துச்சு. நடைமுறை எப்படின்னா, டவுனுக்கு வெளிய ஒரு புரமோட்டர் நிலம் வாங்கறார், மாநிலத்தோட சுற்றுச்சூழல் கமிஷனுக்கு மனு போடறார், இல்லாட்டி சட்டசபைல தனி சட்டமே பாஸ் பண்ணிக்கறார், அஞ்சு பேர் கொண்ட டைரக்டர் போர்டு அமையுது, அப்பறம் தேர்தல் வைக்கணும், டிஸ்ட்ரிக்ட் வேணுமா, பாண்டு போடலாமா, வரி போடலாமானு மூணுக்கும் உள்ள குடியிருக்கறவங்க ஓட்டு போடணும். இங்க ஒரு வேடிக்கை இருக்கு, அந்த நேரத்துல அங்க வீடே கிடையாது, வெறும் காடு. அதனால புரமோட்டர் ரெண்டு மூணு பேர கூட்டிட்டு வந்து ஒரு டிரெய்லர் வண்டில குடி வச்சு, அவங்கள ஓட்டர் ஆக்கி, அந்த ரெண்டு மூணு ஓட்டுல பல கோடி டாலர் கடனுக்கு சம்மதம் வாங்கிடறார். பின்னாடி வீடு வாங்கி வர்ற ஆயிரம் குடும்பமும் 25, 30 வருசம் அந்தக் கடன அடைக்கணும். இதெல்லாம் சட்டப்படியே நடக்கறதுதான், நம்மூர்ல ஓட்டு லிஸ்ட்ல பேர் சேக்கறத பத்தி பேசறவங்க இத கேட்டா சிரிப்பாங்க.

பணம் எப்படி சுத்துதுன்னும் பாத்துக்கங்க. பைப்பு, சம்ப்பு, சாக்கடை சுத்திகரிப்பு எல்லாம் முதல்ல புரமோட்டர் கைக்காச போட்டு கட்டறார். வீடுக எழும்பி, சொத்து மதிப்பு ஏறினதுக்கப்பறம்தான் டிஸ்ட்ரிக்ட் பாண்டு வித்து அவருக்கு பணத்த திருப்பி குடுக்கும், அதுவும் ஒவ்வொரு பாண்டையும் அந்த கமிஷன் பாத்து, இந்த ஏரியா வருமானம் இத தாங்குமானு கணக்கு போட்டு அனுமதி தரணும். அந்த பாண்டு வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதனால கம்மி வட்டிக்கே வாங்க ஆள் இருக்கு. வரி 100 டாலர் மதிப்புக்கு இத்தனைன்னு போடுவாங்க, 1 டாலர்னு வச்சுக்கங்க, 3 லட்சம் டாலர் வீட்டுக்கு வருசம் 3,000 டாலர் ஆகுது. இது போக தண்ணி பில் தனி, ஸ்கூல் வரி தனி, கவுண்டி, அதாவது அங்கத்த ஜில்லா, வரி தனி. மச்சான் இதயெல்லாம் போன்ல சொல்லிருக்க மாட்டார்.

இப்ப சூட்சுமத்துக்கு வர்றேன். பாண்டு, டைரக்டர், கமிஷன் இதெல்லாம் மேல் பூச்சு. அந்த வரி நிலத்து மேல உக்காருது, வீட்டு மேல மட்டும் இல்ல. காலி மனையா கெடந்தாலும் பில் போகும், கட்டலைனா அந்த நிலத்தயே ஏலம் விட்டு எடுத்துக்கலாம். அந்த ஒரு அதிகாரம் இருக்கறதுனாலதான் முன்ன பின்ன தெரியாத ஆளு நியூயார்க்ல உக்காந்துகிட்டு டெக்சாஸ்ல இருக்கற லேஅவுட்டுக்கு 25 வருசத்துக்கு கடன் குடுக்கறான்.

இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. கலிபோர்னியாவுல 1887லயே ரைட் சட்டம்னு ஒண்ணு வந்து, விவசாயிக சேந்து பாசன டிஸ்ட்ரிக்ட் அமைச்சு, ஓட்டு போட்டு, பாண்டு வித்து வாய்க்கால் வெட்டலாம்னு ஆச்சு. அதுல ஃபால்புரூக்னு ஒரு டிஸ்ட்ரிக்ட்ல பிராட்லினு ஒரு அம்மா நான் கட்ட மாட்டேன்னு நின்னுட்டாங்க, கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1896ல கோர்ட்டு டிஸ்ட்ரிக்ட் பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு, பொது நன்மைக்கான வேலைதான் இது, வரி செல்லும்னு. சரின்னு எல்லாரும் டிஸ்ட்ரிக்ட் ஆரம்பிச்சாங்க, அதுல நிலத்த வாங்கி விக்கற புரோக்கருக ஆரம்பிச்சது பாதி, தண்ணியே இல்லாத எடத்துல எல்லாம் பாண்டு போட்டு பல டிஸ்ட்ரிக்ட் படுத்துருச்சு. 1980கள்ல எண்ணெய் விலை விழுந்தப்ப ஹூஸ்டன்லயும் இதே கதை, லேஅவுட்ல பாதி பிளாட் காலி, வீடு கட்டறேன்னவன் ஓடிட்டான், இருக்கற கொஞ்ச வீட்டு மேல வரி ஏறிகிட்டே போச்சு, சில மட்டு பாண்டுக்கு பணம் குடுக்க முடியாம நின்னுச்சு. 140ல 40 வீடு இருக்கற நீங்க இந்த பாரா மட்டும் ரெண்டு தடவ படிங்க.

உங்க கணக்கையே போட்டு காட்டறேன். போர், மேல்நிலைத் தொட்டி, பைப்பு, மோட்டார் ரூம் எல்லாம் சேத்து 60 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், எஸ்டிமேட் இல்லாம நான் சொல்ற நம்பர்தான். 10 சதவீத வட்டி, 15 வருசம். வருசத்துக்கு அசலும் வட்டியுமா 7 லட்சத்து 89 ஆயிரம் வரும். 140 பேரும் கட்டினா மாசம் ஆளுக்கு 470 ரூபா, லாரித் தண்ணிக்கு குடுக்கறத விட கம்மி. 90 பேர் கட்டினா 730. இருக்கற 40 வீடு மட்டும் கட்டினா 1,640 ரூபாய்க்கு மேல, அதுக்கும் மேல கரண்ட் பில்லு, ஆபரேட்டர் சம்பளம். மூணாவது மாசமே உங்க குரூப்ல சண்டை. ஆனா பைப்பு போட்டவுடனே விலை ஏறப்போறது யாரோட பிளாட்டு? காலியா போட்டு வச்சிருக்கற 100 பேருது. கோயம்புத்தூர்லயும் துபாய்லயும் உக்காந்துகிட்டு, நீங்க மாசாமாசம் கட்டற காசுல அவங்க சென்டுக்கு இத்தனைன்னு கூட்டி விப்பாங்க. அமெரிக்கா டிஸ்ட்ரிக்ட் செய்யறது இந்த 100 பேரையும் பிடிச்சு உள்ள இழுக்கறது, இங்க நம்மளால முடியாம போறதும் அதுதான்.

ஏன் முடியாதுன்னா, நம்ம அரசியல் சட்டம் 265வது பிரிவு, சட்டத்தோட அதிகாரம் இல்லாம எந்த வரியும் போடவோ வசூலிக்கவோ கூடாதுன்னு ஒரே வரில சொல்லிருக்கு. பஞ்சாயத்தே கூட மாநில சட்டசபை குடுத்த வரிய மட்டும்தான் போடலாம், 243 எச்ல அது இருக்கு. உங்க பிளாட் ஓனர் அசோசியேசனுக்கு வரி போடற அதிகாரம் குடுக்கற சட்டம் கேரளாவுலயும் இல்ல, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுலயும் இல்ல. இருக்கற வரியும் கூட காலி மனைக்கு போய் சேராது. கேரளாவுல பஞ்சாயத்து வாங்கறது கட்டிட வரி, கட்டிடம் இருந்தாத்தான் வரி. நிலத்துக்கு வில்லேஜ் ஆபீஸ்ல கட்டறமே பூமி வரி, அது மாநில கஜானாவுக்கு போகுது, பஞ்சாயத்து கைக்கு வராது. தமிழ்நாட்டு முனிசிபாலிட்டிகள்லயாவது காலிமனை வரின்னு ஒண்ணு இருக்கு. தொழிற்பேட்டைக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, அரசியல் சட்டத்துலயே தொழில் நகரியம்னு ஒரு விதிவிலக்கு வச்சிருக்காங்க, கேரளாவும் அதுக்கு 1999ல சட்டம் போட்டுச்சு, ஆனா அது கம்பெனிகளுக்கு, நம்ம மாதிரி வீட்டு மனைக்காரனுக்கு இல்ல. கேரள சர்க்காரோட கட்டமைப்பு நிதி வாரியம் கிப்பி, மசாலா பாண்டு, அதாவது வெளிநாட்டுல விக்கற ரூபா பாண்டு, போட்டு 2019ல லண்டன்ல 2,150 கோடி வாங்கலயா, நாம ஏன் வாங்கக்கூடாதுனு ஒருத்தர் கேட்டார் போன மாசம் டீக்கடைல. அதுக்கு பின்னால மாநில சர்க்கார் நிக்குது சாமி, அப்படியும் வட்டி 9.723 சதவீதம்.

சரி, இப்படி தனி டிஸ்ட்ரிக்ட் வரி இல்லாத ஊர்ல எப்படி நடந்துச்சுன்னு ஒரு நல்ல உதாரணம் நம்ம பக்கமே இருக்கு, ஆலந்தூர். சென்னை ஓரத்துல இருந்த முனிசிபாலிட்டி, 2011ல மாநகராட்சியோட சேத்துட்டாங்க. 1990கள் கடைசில பாதாள சாக்கடை வேணும்னு ஆர்.எஸ். பாரதி சேர்மனா இருந்தப்ப ஆரம்பிச்சாங்க. மொத்தம் 34 கோடி திட்டம், அதுல வீட்டுக்கு 5,000 ரூபா, கடை கண்ணிக்கு 10,000 ரூபா டெபாசிட். குழி வெட்டறதுக்கு முன்னாடியே வாங்கினாங்க, பாத்துக்கங்க. இன்னைக்கு 5,000 சாதாரணம், அன்னைக்கு அது பெரிய காசு, தெருத்தெருவா கூட்டம் போட்டு, வசூல் பண்ணின பணத்த தனி கணக்குல வச்சு, எவ்வளவு சேந்துச்சுன்னு ஊருக்கே சொல்லி சேத்தாங்க. மீதிக்கு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதிலருந்து கடன், கொஞ்சம் மானியம். ஜனம் முன்கூட்டியே காசு கட்டிருக்குங்கறது கடன் குடுக்கறவனுக்கு பெரிய தைரியம், வரி அதிகாரத்துக்கு அடுத்தபடியா அவன் நம்பற விசயம் அதுதான்.

சின்ன ஊர்க பாண்டே போட்டதும் உண்டு, ஆனா தனியா இல்ல. 2002ல தமிழ்நாட்டுல 13 சின்ன உள்ளாட்சிகள ஒண்ணா சேத்து தண்ணி, சுகாதார கூட்டு நிதினு வச்சு 30 கோடியே 41 லட்சத்துக்கு பாண்டு வித்தாங்க, வட்டி 9.2 சதவீதம், 15 வருசம். அந்த ஊர்க கட்டத் தவறினா மாநிலம் அவங்களுக்கு குடுக்க வேண்டிய பங்குலருந்து புடிச்சுக்கலாம், அதுக்கும் மேல அமெரிக்க உதவி நிறுவனம் அசல்ல பாதிக்கு காரண்டி. இத்தனை முட்டுக் குடுத்துத்தான் 13 முனிசிபாலிட்டி, பேரூராட்சியால 30 கோடி வாங்க முடிஞ்சுது. 140 பிளாட் அசோசியேசனுக்கு பாண்டுங்கற வார்த்தையே வேண்டாம், விட்ருங்க.

இப்ப எங்க கதைய சொல்றேன், உங்களுக்கு கிட்டத்துல இருக்கறது இதுதான். ஜலநிதினு உலக வங்கி கடன்ல கேரளாவுல 2000 வாக்குல ஆரம்பிச்ச திட்டம், செலவுல 75 சதவீதம் சர்க்கார் வழியா, 10 சதவீதம் பஞ்சாயத்து, 15 சதவீதம் ஜனங்க. அதுக்கப்பறம் கரண்ட் பில்லு, ரிப்பேர், ஆபரேட்டர் எல்லாம் குழுவோட பொறுப்பு. எங்க குழுவுல 62 குடும்பம். பங்குப் பணம் சேக்கறது கஷ்டம்னு பயந்தோம், அது ஈசியா முடிஞ்சுது, குழி எடுக்கற வேலைய கூட சிலர் பங்கா கழிச்சுக்கிட்டாங்க, கள்ளு சொசைட்டில மரமேறற ரெண்டு பேர் காலைல மரம் ஏறிட்டு வந்து மத்தியானம் குழி வெட்டினாங்க. கஷ்டம் வந்தது நாலாவது வருசம். ஒரு நாள் ராத்திரி மோட்டார் எரிஞ்சுருச்சு, காயில் கட்ட, கயிறு போட்டு தூக்க, கேபிள் மாத்த எல்லாம் சேத்து 38,000 ஆகும்னாங்க, எங்க கணக்குல இருந்தது 6,200. ஏன்னா முதல் வருசம் மாசம் 60 ரூபானு வச்சோம், அது கரண்டுக்கும் ஆபரேட்டருக்குமே சரியா போச்சு, தேய்மானத்துக்குனு யாரும் யோசிக்கல. பதினோரு நாள் தண்ணி இல்ல. அந்த பதினோரு நாள்ல என்னய திட்டாத ஆள் இல்ல, எங்க வீட்டுக்காரி உள்பட.

அதுக்கப்பறம் ரேட்ட 110 ஆக்கினோம், 30 ரூபாய தனி பாஸ்புக்ல போட்டு தொடக்கூடாதுன்னு தீர்மானம். பாக்கி வச்சா ரெண்டு மாசத்துல கனெக்சன் கட்டுன்னு எழுதினோம். முதல்ல கட்டானது எங்க செக்ரட்டரியோட சொந்த சித்தப்பா வீடு. அவர் ஒரு வாரம் பேசல, எட்டாம் நாள் வந்து பாக்கியும் ரீகனெக்சன் காசும் கட்டினார், அதுக்கப்பறம் பாக்கிங்கறதே கம்மியாயிருச்சு. ஆக சொசைட்டி கையில இருக்கற ஒரே ஆயுதம் அந்த வால்வுதான். காலி பிளாட்காரனுக்கு அதுவும் வேலைக்காகாது, கனெக்சனே இல்லாதவன எப்படி கட் பண்ணுவீங்க?

அதுக்குத்தான் ஒரு வழி சொல்றேன், எங்க குழுவுல பின்னாடி சேர வந்தவங்களுக்கு நாங்களே தட்டுத்தடுமாறி கண்டுபிடிச்சது. 60 லட்சத்த 140 பிளாட்டுக்கு வகுத்தா ஒரு பிளாட்டுக்கு 43,000 கிட்ட வருது. இத கனெக்சன் பங்குனு வைங்க. இப்ப கட்டறவனுக்கு 43,000. கட்டாதவனுக்கு வருசா வருசம் 10 சதவீதம் ஏறும்னு பொதுக்குழுல தீர்மானம் போட்டு சங்கத்தோட பைலால, அதாவது விதிமுறைல, எழுதிடுங்க. ஆறு வருசம் கழிச்சு வீடு கட்ட வர்றவன் 76,000 கட்டணும், பத்து வருசம் கழிச்சு வந்தா 1 லட்சத்து 11 ஆயிரம் சொச்சம். தண்டனை மாதிரி தெரியும், ஆனா அவன் பங்க இத்தன வருசம் மத்தவங்க சுமந்ததுக்கு வட்டிதான் அது. பிளாட் விக்கும்போது வாங்கறவன் விசாரிப்பான்ல, தண்ணி கனெக்சன் பங்கு கட்டியாச்சானு, அந்த கேள்விக்கு பயந்தே கொஞ்ச பேர் இப்பவே கட்டிடுவாங்க. டெக்சாஸ்லயும் வீடு விக்கறவன் இந்த டிஸ்ட்ரிக்ட் வரி இருக்குன்னு வாங்கறவனுக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்தே ஆகணும், அதோட நம்மூரு வடிவம்னு வச்சுக்கங்க. நிலத்த ஏலம் விடற பலம் இதுக்கு கிடையாது, ஆனா ஒரு கயிறாவது கைல இருக்கும். முதல் நாள்லருந்தே 140 பேருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல இந்த தீர்மானத்த அனுப்பி ரசீது வச்சுக்கங்க, எனக்கு தெரியாதேனு பின்னாடி ஒருத்தரும் சொல்ல முடியாது.

புரமோட்டர்கிட்ட விக்காத பிளாட் இன்னும் இருக்கானு பாருங்க. இருந்தா அவர்தான் உங்க முதல் டார்கெட். அமெரிக்காவுல முன்பணம் போடறதே அவர்தான், இங்க புரோஷர்ல 24 மணி நேர தண்ணின்னு போட்டுட்டு போயிடறாங்க. 20 பிளாட் வச்சிருந்தார்னா 8 லட்சத்து 60 ஆயிரம் அவர் பங்கு, மிச்ச பிளாட் விக்கணும்னா அவருக்கும் தண்ணி வேணும், அத சொல்லி பேசுங்க, சண்டையா ஆரம்பிக்காதீங்க.

அடுத்தது சர்க்கார் காசு. இதுல எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. உங்க ரோடு பஞ்சாயத்துக்கு எழுதி குடுத்தாச்சா, அது பஞ்சாயத்தோட ஆஸ்தி ரிஜிஸ்டர்ல ஏறிருக்கா? ஏறலைனா அது தனியார் ரோடு, மெம்பர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் ஒரு ரூபா செலவு பண்ண முடியாது, ஆடிட்ல மாட்டுவார். அப்படித்தான் இருக்கும்னு எனக்கு தோணுது, பண்டு இல்லன்னு சொன்னது மரியாதைக்கு. அதனால முதல் வேலை ரோட்டயும் பொது இடத்தயும் பஞ்சாயத்து பேருக்கு மாத்தறது, அப்பறம் கிராமசபைல திட்டத்துல சேக்க சொல்லி எழுத்துல குடுக்கறது. கிராமசபைக்கு நாப்பது வீட்டுலருந்தும் ஆள் போகணும், ரெண்டு பேர் போய் மனு குடுத்துட்டு வந்தா அது மனுவாவே இருக்கும். தண்ணிக்கு ஜல்ஜீவன் மிஷன் 2019ல வந்துச்சுல, ஆளுக்கு தினம் 55 லிட்டர் கணக்கு, ஊருக்குள்ள போடற வேலைல மக்கள் பங்கு 10 சதவீதம், மலை காட்டுப் பக்கமும் எஸ்சி எஸ்டி ஜனங்க பாதிக்கு மேல இருக்கற ஊர்லயும் 5 சதவீதம். உங்க லேஅவுட்ட விட்டுட்டு பைப்பு போயிருந்தா ஏன் விட்டாங்கனு வாட்டர் அத்தாரிட்டில எழுதி கேளுங்க. பக்கத்து ரோட்டுல லைன் ஓடுதுன்னா உங்க 60 லட்சம் 15 லட்சத்துல கூட முடியலாம், போரே வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம் நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டினா மீதிய சர்க்கார் போடுதேனு உங்க ஆளுக சொல்வாங்க, உண்மைதான், ஆனா எல்லைல இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்ட தாண்டி அது இந்தப் பக்கம் வராது.

போர் பத்தி ஒரு வார்த்தை, இது பணத்த விட பெரிய விசயம். நிலத்தடி தண்ணி கணக்குல அளவுக்கு மேல உறிஞ்சின பிளாக்னு கேரளாவுல பேர் வாங்கினதுல நம்ம சித்தூரும் ஒண்ணு. 2002 நிலத்தடி நீர் சட்டத்துல அறிவிச்ச ஏரியா, அனுமதி வாங்காம போர் போட்டா பிரச்சினை. மழை மறைவுப் பிரதேசம், ஆழியாத்துலருந்து 7.25 டிஎம்சி வரணும்னு பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்துல இருக்கு, அதுக்கே வருசா வருசம் ரெண்டு சர்க்காரும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கு. கலிபோர்னியாவுல தண்ணி இல்லாத எடத்துக்கு பாண்டு போட்டாங்கனு சொன்னேன்ல, ஆயிரம் அடி போர நம்பி 15 வருச கடன் வாங்கறதும் அதே ரகம்தான். ரெண்டு வெயில் காலம் தாங்கற போர்னு ஈல்டு டெஸ்ட், அதாவது எவ்வளவு தண்ணி ஊறுதுங்கற சோதனை, பண்ணாம தொட்டி கட்டாதீங்க.

அசோசியேசன ரிஜிஸ்டர் பண்றதுலயும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு, பழைய கொச்சி சமஸ்தானத்துல இருந்த எடத்துக்கு 1955 திருவிதாங்கூர்-கொச்சி சங்கச் சட்டம், மலபார்ல இருந்த எடத்துக்கு 1860 சட்டம். சித்தூர் பக்கம் கொச்சி ராஜா கீழ இருந்தது, பாலக்காடு டவுன் மலபார், எல்லைக்குள்ள எல்லை. உங்க சர்வே நம்பர் எதுல வருதுன்னு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கேட்டு அதுபடி போங்க. பேங்க்ல லோன் கேட்டீங்கன்னா சொசைட்டிக்கு சொத்து இல்லனு சொல்லி நிர்வாகிக சொந்தமா ஜாமீன் கையெழுத்து போட சொல்வாங்க. போடாதீங்க. நான் போடல, எனக்கு முன்னாடி இருந்தவர் வேற ஒரு விசயத்துல போட்டு மூணு வருசம் தூக்கமில்லாம அலைஞ்சார். கைல சேந்த பங்குப் பணத்துக்கு எவ்வளவு வேலை நடக்குமோ அத மட்டும் நடத்துங்க. 60 பேர் கட்டினா 25 லட்சத்து 80 ஆயிரம், அதுக்கு தொட்டியும் மெயின் லைனும் முதல் நாலு தெருவும் போடலாம், காசு குடுத்த தெருவுக்கு முதல்ல பைப்பு போகுதுன்னு தெரிஞ்சா அஞ்சாவது தெரு தானா வரும்.

சாக்கடைய இப்ப தொடாதீங்க. 40 வீட்டுக்கு பாதாள சாக்கடை போட்டா அதுல ஓட தண்ணியே பத்தாது, அடைச்சுக்கும். ஒழுங்கா செப்டிக் டேங்க் கட்டி சோக் பிட், அதாவது தண்ணி மண்ணுல இறங்கற உறிஞ்சு குழி, வச்சுக்கங்க, ரோட்டு ஓரம் மழைத்தண்ணி போற காவா மட்டும் ரோடு போடும்போதே சரிவு பாத்து எடுத்துடுங்க. ரோடும் பைப்புக்கு அப்பறம்தான். தார் போட்ட ஆறாம் மாசம் பைப்புக்கு வெட்டினா உங்கள யாரும் மன்னிக்க மாட்டாங்க.

இப்போதைக்கு ரெண்டு காகிதம் எடுத்துட்டு வாங்க, லேஅவுட் அப்ரூவல் காப்பி ஒண்ணு, 140 பிளாட்டும் யார் பேர்ல இருக்குன்னு லிஸ்ட் ஒண்ணு. லிஸ்ட் இல்லாம நானும் ஒண்ணும் சொல்ல முடியாது. மச்சான்கிட்ட அவரோட போன வருசத்து பிராப்பர்டி டாக்ஸ் பில்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, அதுல மட்டு வரி தனி லைனா இருக்கும். உங்க குரூப்ல உடனே போட்டுடாதீங்க, காலி பிளாட்காரங்க பயந்து குரூப்ப விட்டு போயிடுவாங்க. முதல் கூட்டத்துல 43,000னு சொன்னதும் ஒருத்தர் எந்திரிச்சு அமெரிக்காவுல எல்லாம் சர்க்காரே பண்ணுது தெரியுமான்னு கேப்பார், அப்ப எடுத்து காட்டுங்க.